சினையாட்டுக்கு நான் கட்டிய மாளிகை

4-5-1969, ஞாயிறு
இன்று கத்திரி வெயில் தொடக்கம். ஆட்டுக்கொட்டகையும் கட்டி முடித்தாயிற்று. எங்கள் வெள்ளாடு செவலை நிறைசினை. போன வருடம் இதே வெயிலில் அது போட்ட குட்டிக்கு உயிர் இல்லை. என் மனைவி லோகநாயகி அப்புறம் வெகுநாள் வாசல் பக்கமே வரவில்லை. பிள்ளையில்லாத வீடு, என் வாய்ச்சவடால் அங்கே செல்லாது. ஆகவே இந்த முறை என் பொறுப்பு என்று அறிவித்துவிட்டேன். காலமெல்லாம் தொழிற்சாலையில் தகரத்தோடு பழகிய சார்ஜ்மேன் அல்லவா! கூரை, சுவர் எல்லாம் தகரம். துருப்பிடிக்காமலிருக்க மேலே கறுகறுவென்று தார். குவார்ட்டர்ஸ் வரிசையே வந்து பார்த்தது. எதிர்வீட்டு வேம்புலியம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். பொறாமை.

6-5-1969
செவலை உள்ளே போனது. உடனே வெளியே வந்தது. திமிர்.

11-5-1969, ஞாயிறு
திமிர் ஆட்டுக்குத்தான் என்று நிரூபிக்க, உச்சி வெயிலில் நானே கொட்டகைக்குள் போய் உட்கார்ந்தேன். வெளியே வரும்போது நாக்கு தொங்கியது. சட்டை முதுகெல்லாம் தார்.

“இன்னா அண்ணாத்தே, குட்டி போடப் போறது நீயா, அதுவா?” என்றாள் வேம்புலியம்மாள். “ஆட்டுக்கு ஊடு கட்டுவேன்னு பாத்தா, அடுப்பு கட்டி வெச்சிகீறே!”

வரிசை முழுக்கச் சிரிப்பு. செவலையும் சிரித்த மாதிரிதான் இருந்தது.

13-5-1969
செவலை தானே வீடு பார்த்துக்கொண்டது. எங்கள் குளியலறை! தொட்டி ஓரம், ஈரத் தரையில் வயிற்றை அழுத்திப் படுத்தாயிற்று.

“நீங்க தெருக்குழாய்ல குளிச்சுக்கங்க” என்றாள் லோகநாயகி. மேல்முறையீடு கிடையாது.

16-5-1969
பகலில் தழையை முகர்ந்துகூடப் பார்ப்பதில்லை. தண்ணீர் மட்டும் வாளி வாளியாக. வெயில் தாழ்ந்தபின்னும் விடியுமுன்னும்தான் சாப்பாடு. ஆகவே சார்ஜ்மேன் துரை இருட்டோடு சைக்கிள் மிதித்து, அயனம்பாக்கம் ஏரிப்பக்கம் தழை ஒடித்து வருகிறார். மாமியாருக்குக்கூட இவ்வளவு செய்ததில்லை.

20-5-1969
செவலைக்கு மூச்சிரைப்பு நிற்கவில்லை. கழுத்தை நீட்டிப் போட்டுக் கிடக்குது. லோகநாயகி என் கையை இழுத்து அதன் வயிற்றில் வைத்தாள். அசைவே இல்லை. உள்ளே உயிர் இருக்குதா? தெரியல. ஏதாவது தமாஷ் சொல்லலாமென்று வாயைத் திறந்தேன் — வரல.

21-5-1969
வேலை ஓடவில்லை. ஃபோர்மேன் பார்த்தசாரதியிடம் அரைநாள் லீவு கேட்டேன். ஆட்டுக்கென்றால் யார் கொடுப்பார்கள்? “வீட்ல பிரசவம், சார்” என்று வாயில் வந்துவிட்டது. என் நரைத்த தலையைப் பார்த்தார். பெல்ட்டை மீறிய வயிற்றைப் பார்த்தார்.

“உமக்கா ஓய்? இந்த வயசுலயா! ஓடும், ஓடும்!”

கேட்டைத் தாண்டுவதற்குள் தொழிற்சாலையில் எங்கள் ஷாப் முழுக்கக் கைதட்டல்.

வீட்டில் லோகநாயகி செவலை மேல் ஈரக் கோணியைப் போட்டு விசிறிக்கொண்டிருந்தாள். என்ன சொல்லிவிட்டு வந்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அதுவும் அவளிடம்! இன்னொரு விசிறியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

24-5-1969
விடியற்காலை குளியலறையில் குட்டி. பெட்டை. என் செருப்பு அளவுதான். ஆனா கத்துது! உயிரோட கத்துது!

25-5-1969, ஞாயிறு
வாசலில் ஃபோர்மேனும் அவர் மனைவியும். கையில் பூப்போட்ட குட்டிச் சட்டை, க்ரைப் வாட்டர்.

“பொண்ணா, பையனா?” என்றார் அந்த அம்மாள்.

லோகநாயகி அவர் கையிலிருந்த சட்டையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். தொலைந்தேன்.

“பொண்ணுதான் மாமி. உள்ள வாங்க” என்று குளியலறைக் கதவைத் திறந்தாள்.

29-5-1969
கத்திரி ஓய்ந்தது. ஷாப்பில் எல்லோரும் என்னை ‘அப்பா’ என்கிறார்கள். கொட்டகையின் தகரக் கூரையில் துணி விரித்து வேம்புலியம்மாள் வடகம் காயவைக்கிறாள். அரை நாளில் காய்ந்துவிடுகிறதாம். நான் இன்னும் தெருக்குழாயில்தான் குளிக்கிறேன்.

சாயங்காலமானால் லோகநாயகி வாசற்படியில் உட்கார்ந்து குட்டிக்குப் பூப்போட்ட சட்டை மாட்டுகிறாள். பகலில் போட மாட்டாளாம். பிள்ளைக்குச் சூடு தாங்காதாம்.