பின்னால் எடுக்காத பேருந்து

மார்ச் 9
மறுபடியும் தோல்வி. 0–2. மழை, சேறு, ஆளுக்கொரு பக்கம் ஓட்டம். கிளப் தலைவர் தனாசே உடை மாற்றும் அறைக்கே வந்துவிட்டார். "மிஸ்டர், டீம் கீழ டிவிஷனுக்குப் போச்சுன்னா நீங்களும் வீட்டுக்குப் போங்க. அவ்வளவுதான்."

எந்த வீடு? ஸ்காட்லாந்தை விட்டு வந்து எத்தனை காலம்! ஐஸ்லாந்து, மால்டா, கானா, சைப்ரஸ், இப்போது ருமேனியாவின் இந்த மலையடி ஊர். போன இடமெல்லாம் மூழ்கும் அணியைத்தான் என் தலையில் கட்டினார்கள். அறுபத்தெட்டு வயதுக் கால்பந்துப் பயிற்சியாளனை இனி யார் கூப்பிடுவார்கள்?

மார்ச் 11
பழைய நண்பர்களுக்கு போன் போட்டேன். ஒருவனும் எடுக்கவில்லை.

ஏப்ரல் 13
வெளியூர் ஆட்டம். ஓட்டுநர் பான்டெலிமோன் பேருந்தைத் தவறான சந்தில் விட்டுவிட்டான். எதிரே சுவர். பின்னால் எடுக்க வேண்டியதுதானே? கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.

"மேட்சுக்குப் போற பஸ் பின்னாடி போகக் கூடாது, மிஸ்டர்."

"அப்போ சுவத்துக்குள்ள போயிடலாமா?"

யாரும் சிரிக்கவில்லை. சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கேப்டன் ஹொராட்சியு எழுந்தான். "இப்படி ஆச்சுன்னா எப்பவும் இறங்கி நடந்துடுவோம் மிஸ்டர். கிரவுண்டு கிட்டதான்."

நடப்பதா? என் அணியா? பான்டெலிமோனைத் தள்ளிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் நானே உட்கார்ந்தேன். பதினேழு வயதில் நிலக்கரி லாரி ஓட்டியவன் நான். சந்து முழுக்கப் பின்னாலேயே ஓட்டினேன்.

0–4. நாலு கோலையும் பேருந்தா வாங்கியது?

ஏப்ரல் 16
பயிற்சியில் ஒருவனும் என்னிடம் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஹொராட்சியு வந்தான்.

"டிரைவர் பெரியவர்கிட்ட ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடுங்க."

"ஒரு மூடநம்பிக்கைக்கா?"

"பஸ்ஸை விடுங்க மிஸ்டர். எங்க எல்லார் முன்னாடியும் அந்த மனுஷனைத் தள்ளுனீங்களே, அதைச் சொல்றேன்."

எனக்கே பாடம்! அவனைப் பெஞ்சில் உட்கார வைத்தேன். நான் மன்னிப்புக் கேட்கப் பிறந்தவன் அல்ல.

மே 18
கடைசி ஆட்டம். ஜெயித்தால் தப்பிப்போம். எண்பத்தெட்டாவது நிமிடம், பெனால்டி! எப்போதும் ஹொராட்சியு அடிப்பது; அவனோ இன்னும் பெஞ்சில். ஒரு மாற்று ஆட்டக்காரரை இறக்க இன்னும் இடமிருந்தது. மைதானம் முழுக்க அவன் பெயரைக் கத்துகிறது. உதவியாளன் என் சட்டையைப் பிடித்தே இழுத்தான். "இறக்குங்க மிஸ்டர், கும்புட்டுக் கேக்குறேன்!" ஹொராட்சியு என்னைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

வேறொருவன் அடித்தான். பந்து கம்பத்துக்கு மேலே போய் விழுந்தது.

0–0. கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டோம். தனாசே கை கூடக் கொடுக்கவில்லை.

மே 19
மகள் ஐல்சா பேசினாள். "வந்துடுங்கப்பா. மாடி ரூம் சும்மாதான் கிடக்கு." தோற்றுப்போய் மகள் வீட்டு மாடிக்கா? மாட்டேன். மாட்டேன் என்றால் வேறு எங்கே — எங்கே?

மே 21
வருகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

மே 24, விமான நிலையம்
கிளப் கார் அனுப்பவில்லை. காலையில் வாசலில் பேருந்து நின்றது. அத்தனை இருக்கைகளுக்கும் நான் ஒருவன். ஏப்ரலிலிருந்து என்னோடு பேசாத பான்டெலிமோன் பெட்டியைத் தூக்கி வைத்தான்.

பாதி வழியில் திருப்பத்தைத் தவறவிட்டான். ஓரமாக நிறுத்தினான். சாலை காலி. கண்ணாடியில் என்னைப் பார்த்தான்.

"இன்னிக்கு மேட்ச் இல்லையே மிஸ்டர். பின்னாடி எடுக்கட்டுமா? இல்லேன்னா விமானத்தைப் பிடிக்க முடியாது."

அவன் கை கியரில் காத்திருந்தது.

"வேற வழி?"

"ஆத்தைத் தாண்டிப் பெரிய சுத்து."

"முன்னாடியே போங்க," என்றேன்.

விமானம் போய்விட்டது. அடுத்தது நாளைக்குத்தான். அவர் கிளம்பாமல் பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டியையும் ஆட்டுப்பால் சீஸையும் இரண்டு பங்காக வெட்டுகிறார்.