உலையில் போடுமுன் ஒரு பிடி

என் ஞாயிற்றுக்கிழமைத் தோழிக்கு,

உன் அரிசி டின் இப்போது என் சமையல் மேடையில் இருக்கிறது. நேற்று மாலை உன் வீட்டுக்காரர் அம்மாபேட்டையிலிருந்து வண்டியில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். மூடியைத் திறந்தேன். காய்ந்த வேப்பிலையும் அரிசியும் கலந்த அந்த வாசனை முகத்தில் அடித்தது. வண்டு வராமலிருக்க நீ எப்போதும் அரிசிக்குள் நாலு கொத்து வேப்பிலை செருகி வைப்பாய். அப்படியே நாற்காலியை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்துவிட்டேன். கல்லறைத் தோட்டத்தில் உன்னை வைத்துவிட்டு வந்த பிறகு உன் வீட்டிலிருந்து இனி அரிசி வராது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

எங்கள் கிறிஸ்தவ சபையில் பிடி அரிசி பரம்பரையாக வருகிற வழக்கம். ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து ஒரு டின்னில் போடவேண்டும். மாதக் கடைசி ஞாயிறு பெண்கள் எல்லோரும் அதைக் கோயிலுக்குக் கொண்டுவந்து கொட்டுவார்கள். பின்கட்டில் அடுப்பு மூட்டிச் சமைத்து, பெரிய ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையாகக் கிடக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். என் பாட்டனார் காலத்துக்கு முன்பே தொடங்கியது என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். பெருமைக்கு மட்டும் எங்களிடம் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

நான் பிறவிக் கிறிஸ்தவள். கோயிலில் இடதுபக்கம், ஃபேனுக்கு நேர்கீழே, எங்கள் குடும்பத்து பெஞ்ச். அனலுமில்லாத குளிருமில்லாத விசுவாசத்தைப் பற்றி ஆயர் வருடத்துக்கு ஒருமுறையாவது பிரசங்கம் செய்வார். நாங்கள் ஃபேன் காற்றில் சாய்ந்து உட்கார்ந்து ஆமென் சொல்வோம். நீ திருச்செங்கோட்டுப் பக்கத்து நெசவுக் குடும்பத்தில் பிறந்து, அம்மாபேட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். அஸ்தம்பட்டி கிளினிக்கில் நான் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தபோது வெளியே மேசையில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாய். ஒரு நாள் சாப்பாட்டு வேளையில், "அக்கா, ஞாயித்துக்கெழம உங்ககூட நானும் வாரேனுங்க" என்றாய். வந்தாய். பிறகு ஒரு ஞாயிறும் தவறவில்லை. விசுவாசத்துக்கு வந்த கதையைச் சாட்சியாகச் சொல்லச் சொல்லி எழுப்பிவிட்டால், "சொல்ல என்னங்க இருக்குது, கூப்பிட்டாரு, வந்தேன்" என்று உட்கார்ந்துவிடுவாய். அவ்வளவுதான் உன் சாட்சி. நீ கோயிலுக்கு வந்ததற்காகவே உன் பிறந்த வீட்டார் உன் வாசலை மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள் என்பதை நீ அங்கே சொன்னதே இல்லை. உனக்குப் போக்கிடம் என்று இருந்தது அம்மாபேட்டை வீடும் எங்கள் சபையும் மட்டுந்தான்.

பிடி அரிசியை நாங்கள் எப்படிக் கொடுத்தோம் என்பது உனக்குத் தெரியும். சனிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வரும். வீட்டில் யாரும் சாப்பிடாத ரேஷன் அரிசியை இரண்டு டம்ளர் அளந்து பையில் போட்டால் வேலை முடிந்தது. சிலர் இட்லி அரிசி, சிலர் பழைய பச்சரிசி. முதல்முறை நீ டின்னோடு வந்தபோது உள்ளே உன் வீட்டில் சமைக்கிற பொன்னி அரிசி இருந்தது. "அரிசி அரிசிதானே, இவ்வளவு ஒழுங்கு எதுக்கு?" என்று கேட்டேன்.

"அரிசி அரிசிதானுங்க்கா. ஆனா ஒல கொதிக்கறப்ப, இன்னிக்கு அந்த ஆஸ்பத்திரி வராண்டால ஆரு கெடக்கறாங்களோன்னு ஒருக்கா நெனைக்கோணுமில்லீங்க? மாசக் கடைசில ஒரே மூச்சா நெனைச்சா எப்படீங்க?"

நான் சிரித்தேன். புதிதாக வந்த வேகம், போகப்போகச் சரியாகிவிடும் என்று நினைத்தேன். எங்களுக்கெல்லாம் சரியாகித்தானே இருந்தது!

அப்புறம்தான் அந்தக் கூட்டம். பெண்கள் ஐக்கியத்தின் செயலாளர் அம்மா எழுந்து, பிடி அரிசியை இதோடு நிறுத்திவிடலாம் என்றார். ஆஸ்பத்திரியிலிருந்து புகார் வந்திருந்தது. சோற்றில் பாதி குழைந்தும் பாதி விறைத்தும் கிடக்கிறதாம், ஒரு பெரியவர் வாயில் வைத்துவிட்டுத் துப்பிவிட்டாராம். "காலம் மாறிப்போச்சு, இதெல்லாம் இனி சரிப்படாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு நாள் பிரியாணி கொடுத்துடுவோம்" என்றார். எல்லோர் முகத்திலும் ஒரு நிம்மதி. கை தூக்கச் சொல்வதற்குள் நீ எழுந்தாய். அதுவரை எந்தக் கூட்டத்திலும் நீ வாய் திறந்ததில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாய்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. நாம திங்கற அரிசியவே குடுத்தா, அது ஏனுங்க வேகாமப் போவுது?"

நீ விடவில்லை. "ரேஷன் அரிசி திங்கற ஊட்ல இருந்து ரேஷன் அரிசி வந்தா அது தங்கமுங்க. அதத் தனியா வேக வெச்சுக்கலாம். நாம வேண்டாம்னு ஒதுக்கறதயெல்லாம் ஒண்ணாக் கொட்டித்தானுங்க அப்படி ஆவுது. நிறுத்த வேண்டாமுங்க. சமைக்கறத நான் பாத்துக்கறேன்."

பின்னால் யாரோ, "நேத்து வந்தவ நமக்குப் பாடம் எடுக்கறா" என்றார்கள். உன் காதிலும் விழுந்தது. செயலாளர் அம்மா, "சரி, ஒரு தடவை பாப்போம். சரியா வரலேன்னா நிறுத்திடுவோம்" என்று கூட்டத்தை முடித்தார். வெளியே வந்ததும் ஒருவரும் உன்னோடு பேசவில்லை. "அக்கா, இனி என்னய உள்ள சேத்துவாங்களா?" என்று கேட்டாய். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. இவள் என் கூட வந்தவள் என்று அந்தத் தெரு முழுக்கக் கத்தவேண்டும் போல இருந்தது.

அடுத்த கடைசி ஞாயிறு பாதிப் பேர் அரிசியே கொண்டுவரவில்லை. பாத்திரத்தில் அடிதான் நிறைந்தது. தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்க, நீ வீட்டுக்குப் போன் போட்டாய். கொஞ்ச நேரத்தில் உன் வீட்டுக்காரர் நெற்றி நிறையத் திருநீற்றோடு, வண்டியில் அரிசி மூட்டையை வைத்துக்கொண்டு கோயில் கேட்டருகே வந்து நின்றார். "உள்ள வாங்க" என்று ஆயரே போய்க் கூப்பிட்டார். "இருக்கட்டுங்க. சோறு பத்துனாச் செரி" என்று மூட்டையை இறக்கி வைத்துவிட்டுத் தறிக்குப் போய்விட்டார். அன்றைக்குச் சோறு பூப்போல வெந்திருந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் ஒரு அம்மா இரண்டாம் முறை தட்டை நீட்டி, "கல்யாண ஊட்டுச் சோறுங்களா?" என்று கேட்டாராம். அதைச் சொல்ல நீ வெயிலில் ஓடிவந்தாய். உன் முகத்தில் அப்படியொரு சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அடுத்த மாதம் செயலாளர் அம்மா தன் டின்னின் மூடியை உன் முன்னால் திறந்து, "நல்லாப் பாத்துக்கோ, எங்க வீட்டுப் பொன்னி" என்றார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை, அவர் வழக்கம் அப்படி. ஆனால் அதன் பிறகு பிடி அரிசியை நிறுத்தும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. நானும் ஒரு டின் வாங்கினேன். நீ அதில் எட்டிப் பார்த்து, "உங்க கை என் கையவிடப் பெருசுங்க்கா, பிடி மட்டும் ஏன் சிறுசா இருக்குது?" என்று கேலி செய்தாய்.

நோய் வந்த பிறகு சோறு வேகிற வாசனையே உனக்கு ஆகவில்லை. குமட்டும். அப்போதும், உன் வீட்டுக்காரர் உலை வைக்கிற நேரத்துக்குச் சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வருவாய். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஒரு பிடி எடுத்துப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்வாய். "ஆண்டவர் கணக்குப் பாக்கமாட்டார், படு" என்று நான் அதட்டினேன். "அவரு பாக்கமாட்டாருங்க. எனக்குத்தான் மனசு கேக்காது" என்றாய். உனக்கு இரண்டு வாய்ச் சோறு இறங்காத நாளிலும் அந்த ஒரு பிடி டின்னுக்குப் போயிற்று.

நேற்று அவர் வாசலிலேயே நின்றுகொண்டு டின்னை நீட்டினார். கனமாக இருந்தது. "இதென்னங்க, யார் போட்டது?" என்றேன்.

"நாந்தானுங்க. ஒல வெச்சா கை தானாப் போவுதுங்க. வேப்பிலகூட போட்டிருக்கறனுங்க, அவ போடறாப்பல." கொஞ்சம் தயங்கினார். "நான் கோயிலுக்கு வாரவன் இல்லீங்க. அவ பேருல போடறேன். உங்க சாமி ஏத்துக்குமுங்களா?"

"உங்க அரிசியில்தானுங்க அன்னைக்கு அந்தச் சோறே வெந்துச்சு" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார். தெருமுனையில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அழுதேன், ஆனாலும் நெஞ்சு நிமிர்ந்துதான் நின்றேன். ஒரு நாளும் பைபிளைத் தூக்கிக்கொண்டு அவரிடம் நீ வாதாடியதில்லை. அவர் முன்னால் தினமும் ஒரு பிடி அரிசி எடுத்தாய், அவ்வளவுதான்.

இன்று காலை எங்கள் வீட்டில் உலை கொதித்தது. என் டின்னில் ஒரு பிடி போட்டேன். எப்போதும் போல வேறெதையோ யோசித்துக்கொண்டு போட்டிருக்கிறேன். மூடப்போகும்போது பக்கத்தில் உன் டின் கண்ணில் பட்டது. அடுப்பைச் சிறிதாக்கினேன். இந்நேரம் அந்த வராண்டாவில் பாயை விரித்துப் படுத்திருப்பவர்களை நினைத்தேன். என் டின்னுக்குள் எட்டிப் பார்த்தேன். நீ சொன்னது சரிதான், பிடி சிறியதாகத்தான் இருந்தது. இன்னொரு முறை, கை நிறைய அள்ளினேன்.