இசக்கியின் கட்டு மாற்றியது

1912 ஆகஸ்டு 14, புதன். பாளையங்கோட்டை.

தாதிப் படிப்பில் சேர்ந்து ஐந்து மாதத்தில் இன்றுதான் மனம் லேசாயிருக்கிறது.

உடன்குடிப் பக்கத்திலிருந்து வந்த இசக்கிக்கு ஆறு வயது. கொதிக்கும் பதநீர் காலில் கொட்டிப் புண்ணாகிவிட்டது. கட்டு மாற்றும்போது தாயை வெளியே நிறுத்துவது இந்த ஆஸ்பத்திரியில் தலைமைத் தாதி வைத்த வழக்கம். உள்ளே பிள்ளை வீரிடும். வெளியே தாய் கதவில் தலையை முட்டிக்கொள்வாள். இரண்டு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று துணிந்து, தாயை உள்ளே விடும்படி டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"அவள் மயங்கி விழுந்தால் நீதான் பொறுப்பு" என்றார்.

தாய் மகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

"வலிக்குமாக்கா?" என்றாள் இசக்கி.

வலிக்காது என்று சொல்லித்தான் எங்களுக்குப் பழக்கம். "வலிக்கும். பத்து எண்ணுதேன், அதுக்குள்ள முடிஞ்சிரும்" என்றேன்.

பத்து எண்ணியும் துணி புண்ணைவிட்டு வரவில்லை. நானும் பொய் சொல்லிவிட்டேனே என்று நினைத்துக்கொண்டே துணியை மறுபடி நனைத்தேன். தாயின் சேலையைக் கடித்துக்கொண்டிருந்த இசக்கி அதை விட்டுவிட்டு, "இன்னொரு பத்து எண்ணுங்க. பைய எண்ணாதீங்க" என்றாள்.

"நானும் எண்ணுதேன் தாயி" என்றாள் தாய். மூவரும் எண்ணினோம். ஏழில் துணி வந்துவிட்டது. புண் சுத்தமாக இருந்தது.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே, "நாளைக்கும் தாய் வரட்டும்" என்றார்.

தலைமைத் தாதிக்குத் தெரிந்தால் என்ன சொல்வாரோ. சொல்லட்டும். கண் சொருகுகிறது.