வலைக்கு இந்தப் பக்கம்

மார்ச் 3
தீர ஆலோசித்து, இனி இடது காலுறையை முதலில் அணிவதென்று முடிவெடுத்தேன். என் நடன வாழ்க்கையில் இப்படியொரு திருப்பம் வந்ததில்லை. அக்காவுக்குப் போன் செய்து அறிவித்தேன். "சாப்பிட்டியாடி?" என்றாள்.

மார்ச் 5
கணவர் இறந்த பிறகு நான் ஆடிய முதல் நிகழ்ச்சிக்கு விமர்சனம் வந்திருக்கிறது. 'அபாரமான அடக்கம்.' உள்ளே எதுவுமே இல்லாததற்கு இவ்வளவு நல்ல பெயர் இருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்று.

மார்ச் 9
அடிபட்ட காட்டு விலங்குகளைத் தேற்றித் திருப்பி அனுப்பும் காப்பகத்துக்குப் போனேன். விலங்கின் அசைவுக்குப் பதில் சொல்வதுபோல், ஒத்திகையே இல்லாமல், அந்த நொடியில் பிறக்கும் ஆட்டம் ஒன்று செய்ய உத்தேசம். கம்பிவலைக் கூண்டில், கால் முறிந்து கூடிய நரி ஒன்றைக் காட்டினார்கள். சீக்கிரம் காட்டுக்குத் திரும்ப வேண்டியது.
டாக்டரம்மா சொன்னது ஒன்றுதான்: "வலைக்கு வெளியவே நில்லுங்க. பழக்கிடாதீங்க."
நானா? பக்கத்து வீட்டுக்காரர்களே இன்னும் என்னிடம் பழகவில்லை.

மார்ச் 14
என்னைக் கண்டதும் நரி மூலைக்கு ஓடியது. கைகளைத் தரையில் ஊன்றி நானும் என் பக்க மூலைக்கு ஓடினேன். அது நின்று பார்த்தது.
தீனி போடுகிறவர் வந்தார். "ஆடுறீங்களாம்மா, இல்ல உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?"
"ஆடுறேண்ணே."
"அப்ப சரி. ஆம்புலன்ஸுக்குப் போன் போட இருந்தேன்."

மார்ச் 22
தலையைச் சாய்த்தேன். சாய்த்தது.

மார்ச் 27
வலையருகே வந்து முன்னங்கால்களை நீட்டி முதுகைத் தாழ்த்தியது. நானும் தாழ்த்தினேன். இரண்டு பேரும் குதித்தோம். திரும்பும்போது பேருந்தில் ஒரு பெண் கைக்குட்டையை நீட்டினாள். எதற்கு என்று கேட்டேன். என் முகத்தைக் காட்டினாள். அழுதிருக்கிறேன் போல.

ஏப்ரல் 4
விடுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. தெரியாத ஆள் ஒருவர் கூண்டுக்குள் நுழைவார். விலங்கு பயந்து ஓட வேண்டும். ஓடினால் காடு. இன்று ஒருவர் நுழைந்தார். நரி அவரிடம் போய் முன்னங்கால்களை நீட்டி, முதுகைத் தாழ்த்தியது.
டாக்டரம்மா திட்டவில்லை. "துப்பாக்கியோட வர்றவன்கிட்டயும் இப்படித்தான் போய் நிக்கும். இனி இதை வெளிய விட முடியாதுங்க."
நான் தொடவே இல்லையே. தீனிகூடப் போடலையே. வெளியதான நின்னேன் — ஆடத்தானே செஞ்சேன் —

ஏப்ரல் 5
அக்கா: "விடுடி, நரிதானே."
சரி.

ஏப்ரல் 11
மிருகக்காட்சிசாலை வண்டி வந்தது. கதவைத் திறந்ததும் நரி தானாகவே ஏறிக்கொண்டது. பிடிப்பதற்கென்று வந்திருந்த இருவருக்கும் வேலை இருக்கவில்லை.