"அங்க ஆம்பளைங்க யாராச்சும் இருக்காங்களா?"

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். உன் இடுப்பு வலி எப்படி இருக்கிறது? அந்த ஆட்டம் காணும் நாற்காலியை மாற்றினாயா, இல்லையா?

நீ அனுப்பிய வீடியோக்கள் அத்தனையும் பார்த்துவிட்டேன். பெண்ணியம் பேசுகிறவர்கள் இல்லாத குறையைப் பெரிதாக்குகிறார்கள், பெண்களை யாரும் தடுக்கவில்லை, அவர்களுக்கே சில வேலைகளில் நாட்டமில்லை என்கிறார் அதில் பேசும் கண்ணாடிக்காரர். கோபம் வரவில்லை, நம்பு. அது நிஜம்தானா என்று சோதித்துப் பார்த்தால் என்ன என்றுதான் தோன்றியது.

பட்டறையில் மோட்டாருக்குக் காயில் சுற்றுவது நான், வரவு செலவு பார்ப்பது உன் அத்தான் என்பது உனக்குத் தெரியும். போன வாரம் ஒருவர் போன் செய்து, "மோட்டார் உறுமுது, சுத்த மாட்டேங்குது" என்றார். கெபாசிட்டர் போயிருக்கும், மாற்றிப் பாருங்கள் என்றேன். "அங்க ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா போனைக் குடும்மா" என்றார். கொடுத்தேன். உன் அத்தானுக்குக் கெபாசிட்டர் எது, காலி டப்பா எது என்று தெரியாது. நான் காதில் ஓத, அவர் அதையே கனத்த குரலில் சொன்னார். "அப்படிச் சொல்லுங்க சார்!" என்று அந்த மனிதர் குளிர்ந்துபோனார்.

ஓர் ஆளை வைத்து ஊரை எடைபோடாதே என்பாய். சரி, ஒரு வாரம் போனை நானும் அவரும் மாற்றி மாற்றி எடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டோம். நான் எடுத்தபோது நிறையப் பேர் அப்படித்தான் கேட்டார்கள். ஆனால் எல்லோரும் இல்லை. கேட்டவர்களில் ஒரு டாக்டரம்மாவும் உண்டு. ஆக, இது ஆண்கள் மட்டும் செய்யும் காரியமில்லை.

ஆண்களுக்கும் கஷ்டம் உண்டு என்று சொல்வாயே, அதுவும் பொய்யில்லை. பாதியிலேயே உன் அத்தான் போனைத் தள்ளி வைத்துவிட்டார். "தெரியலன்னு சொன்னா, ஆம்பளைக்கு இதுகூடத் தெரியலையாங்கிறான். எனக்கு வேணாம்மா இந்த மரியாதை" என்றார். முகமே சுண்டிவிட்டது. எனக்குக் கிடைக்காத ஒன்று அவருக்குப் பாரமாக இருக்கிறது! இதை எந்தக் கட்சியில் சேர்ப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று உன் மகள் என்னிடம் பேசினாள். அதற்காக அவளைத் திட்டாதே. விடுமுறையில் இங்கே வந்து வேலை கற்க ஆசையாம். "அப்பாகிட்ட கேட்டேன் அத்தை. பொண்ணுங்களுக்கு அதுல இஷ்டம் இருக்காதுன்னுட்டாரு" என்றாள். இஷ்டம் என்று எதிரே நின்று கேட்டவளிடமே அப்படி எப்படியடா சொன்னாய்? குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்கிறேன்.

அவளை அனுப்பு. கை கறுத்து, போதும் சாமி என்று அவளே உன்னிடம் ஓடிவந்தால், உன் வாதத்துக்கு ஒரு சாட்சி என்று ஒப்புக்கொள்கிறேன். எதுவானாலும் பதிலை அவள் சொல்லட்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக இருக்க வேண்டும். அவள் தலையில் கைவைத்து, போய்வா என்று ஒரு வார்த்தை சொல்லி அனுப்பு. நான் சொன்னால் வந்துவிடுவாள்தான். ஆனால் அவள் காத்திருப்பது உன் வாய்ச்சொல்லுக்கு.

என்றும் உன் நலம் நாடும்,
அக்கா