காதர் பாய் கட்டிலுக்கடியில் வெடிமருந்து

12 மார்ச் 1946, செவ்வாய்

நாளை எங்கள் துப்பாக்கிக் கடைக்கு இன்ஷூரன்ஸ் அதிகாரி வருகிறார். லைசென்ஸ் அளவுக்கு மேல் வெடிமருந்து இருந்தால் தீ இன்ஷூரன்ஸ் ரத்தாகும். மிஞ்சிய டின்களை, துப்பாக்கி பழுதுபார்க்கும் காதர் பாயின் மயிலாப்பூர் வீட்டில் ஒளித்துவைக்கச் சொன்னார் முதலாளி. நானும் கூடப் போனேன்.

ஒரே அறை. டின்களைக் கட்டிலுக்கடியில் தள்ளினோம். பாயின் மனைவி எரிந்துகொண்டிருந்த அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். குழந்தைகள் சோறு கேட்டு அழுதன.

"இன்னா தம்பி மொறைக்கிற? ஒரு ராத்திரி பன்னு துன்னா செத்துட மாட்டாங்க. வேலை போச்சுனா பன்னும் கெடைக்காது" என்று சிரித்தார் பாய்.

கடைக்குத் திரும்பியதும் முதலாளியிடம் கேட்டேன்: "உங்க அடையாறு பங்களாவுல வெக்கலாமே சார்?"

"அறிவிருக்காடா? அங்க என் பேரப்புள்ளைங்க இருக்குதுங்க!"

இந்த மனிதரிடம் இனிப் பேச ஒன்றுமில்லை.

அதிகாரியிடம் சொன்னால் போலீஸ் முதலில் பாயைத்தான் பிடிக்கும். அதனால் விடிந்ததும் ரிக்‌ஷாவில் டின்களைக் கடைக்கே கொண்டுவந்து, அதிகாரி கண்ணில் படும்படி மேஜைமேல் அடுக்கப்போகிறேன். முதலாளிதான் கேட்டார் என்று பாயிடம் பொய் சொல்வேன். அவருக்கு எதுவும் தெரியவேண்டாம். போவது என் வேலை மட்டுமாக இருக்கட்டும்.