குழாயடியில் போட்ட கூட்டம்

பங்குனி 20, வியாழன்

எழுத்து கோணல்மாணல். நோட்டு பொறுத்துக்கொள்ள வேண்டும். ‘ண’ போடும்போது கை இன்னும் சொன்னபடி கேட்பதில்லை. இருந்தாலும் இந்த வயதில் கற்ற என் எழுத்து!

காலையிலேயே வெயில். நாளை சமுதாயக் கூடத்தில் குடிநீர்க் கலந்துரையாடல். நாற்காலி போடும் வேலை எனக்கு. நடத்துகிற மேடம் மாரண்டஹள்ளி பஸ்ஸில் வந்தார். தமிழ்க்காரர் ஒரு பக்கம், கன்னடத் தெரு ஒரு பக்கம் என்றார். வட்டமாகப் போடலாமே என்றேன்.

“மொழிபெயர்க்க ஆள் வர்றாருங்க ஐயா.”

எங்களுக்கு எதற்கு?

வெள்ளி

கூட்டம் நடந்த லட்சணத்தை எழுதுகிறேன்.

விஷயம் ஒன்றுதான். எங்கள் தெருவில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுகிறார்கள். எங்கள் வீட்டிலும்தான், மருமகள் வைத்தது. கடைசியில் இருக்கும் கன்னடத் தெருவுக்கு வெறும் காற்று.

அந்தத் தெருவில் கீரை விற்கும் புட்டம்மா எழுந்தாள். “நாச்சிகே இல்வா நிமகே? மோட்டார் ஹாக்கி நீரு கதீத்தீரா!” வெட்கமில்லையா, மோட்டார் போட்டுத் தண்ணீர் திருடுகிறீர்களே என்று நேராகவே கேட்டாள்.

மொழிபெயர்த்த தம்பி மைக்கில்: “தங்கள் பகுதிக்குக் குடிநீர் சற்றுக் குறைவாக வருவதாக அம்மா தெரிவிக்கிறார்.”

கைதட்டல்! எங்கள் தெருக்காரர்களும் தட்டினார்கள். அவளிடம் கன்னடத்தில் பேரம் பேசிக் கீரை வாங்குகிறவர்கள். இன்று ஒருவனுக்கும் கன்னடம் தெரியவில்லை. பக்கத்து வீட்டு கோவிந்தன், தம்பி முகத்தையே பார்த்துத் தலையாட்டினான். இருப்பதில் பெரிய மோட்டார் அவனுடையது.

அட்டையில் கருத்து எழுதச் சொன்னார்கள். ‘மோட்டாரைக் கழற்று’. மெதுவாக எழுதினேன். நாலு பேர் முன்னால் நான் எழுதிய முதல் எழுத்து. மேடம் “அருமைங்க ஐயா” என்று வாங்கி, பலகையில் ‘பிறகு பேசலாம்’ என்ற மூலையில் ஒட்டிவிட்டார்.

கத்திவிட்டேன். “திருடறீங்கன்னு அவ சொன்னா. அதச் சொல்லு தம்பி!”

“சண்டை வந்துருங்களே ஐயா.”

“வரட்டும். பேசத்தான கூப்ட்டீங்க?”

கோவிந்தன்: “உன் வூட்டு மோட்டாரு?”

“அதயும் சேத்துத்தான்டா சொல்றேன்.”

டீ வந்தது. கூட்டம் முடிந்தது.

ஞாயிறு

நேற்று எங்கள் மோட்டாரைக் கழற்றினேன். மருமகள்: “இனிமே கொடம் நீங்களே தூக்குங்க மாமா.”

இன்று நாங்களே கூட்டம் போட்டோம். புட்டம்மா வீட்டுக் குழாயடியில், தண்ணீர் விடுகிற நேரத்தில். மைக் இல்லை. குழாய் இருமியது, அவ்வளவுதான். அவள் கன்னடத்தில் திட்ட, கோவிந்தன் தமிழில் திட்ட, இரண்டு பேருக்கும் ஒரு சொல் தப்பவில்லை. கேட்கவே சந்தோஷம்.

கடைசியில் அவனே: “சரி, கழட்டறேன். ஒரு வாரம். எல்லாரும் கழட்டணும்.”

“எழுதி வெக்கறேன்.”

“எழுது, எழுது. உன் எழுத்த எவன் படிப்பான்?”

“நானே படிக்கறேன்டா, நடுத்தெருவுல நின்னு.”

அடுத்த ஞாயிறு இந்தக் குழாயில் தண்ணீர் வந்தால், வந்தது என்று எழுதுவேன். வராவிட்டால் யார் மோட்டார் என்று பெயரோடு எழுதுவேன். கோவிந்தன் பெயரை இப்போதே எழுதிப் பழகிவிட்டேன்.